மிதித்த பிறகு வரும் அந்த அரை நொடி

பெடலையும் இன்ஜினின் காற்று வால்வையும் கேபிளால் இணைத்த பழைய காரில் கால் பழகியவர்கள் புது வண்டியை ஓட்டிவிட்டு வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "இப்போ வர்ற வண்டி எல்லாமே அப்படித்தான் சார்" என்பார்கள். இல்லையென்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து பில் போடுவார்கள். கடைக்காரரோ பெடலில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டுவார். மூன்று பேருமே தாமதத்தை ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது பல துண்டுகள் சேர்ந்த தொகை. எந்தத் துண்டு நீளமாக இருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்தான்.

முதலில் பாதையைப் பார்ப்போம். பெடலின் தலைப்பகுதியில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக இரண்டு. பல வண்டிகளில் முதல் சிக்னல் காலை எடுத்த நிலையில் சுமார் 0.75 வோல்ட்டும் முழுக்க மிதித்தால் 3.8 முதல் 4 வோல்ட் வரையும் காட்டும். இரண்டாவது எப்போதும் அதில் பாதி. இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் காலை நம்புகிறது. பிறகு, எவ்வளவு முறுக்குவிசை கேட்கிறார் என்று கணக்குப் போட்டு, அதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று முடிவு செய்து, த்ராட்டில் பாடியில் உள்ள சின்ன டிசி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிறது. மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக த்ராட்டில் பிளேட்டைத் திருப்புகிறது. காற்று, சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்ட் குழாயை நிரப்பி, சிலிண்டருக்குள் போய், எரிந்து, கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் என்று இறங்கிச் சக்கரத்துக்கு வருகிறது.

இதில் மின்னணுப் பகுதி எடுத்துக்கொள்ளும் நேரம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. பெடலைப் படிப்பதும் கணக்குப் போடுவதும் சில மில்லி நொடிகளில், அதிகம் போனால் சில பத்து மில்லி நொடிகளில் முடிந்துவிடும். நல்ல நிலையில் உள்ள த்ராட்டில் பிளேட் மூடிய நிலையிலிருந்து முழுக்கத் திறக்க ஏறக்குறைய 100 மில்லி நொடி போதும். இன்ஜின் பக்கம் பாருங்கள். 800 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 75 மில்லி நொடி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்கு இரண்டு சுற்று வேண்டும், ஆக 150 மில்லி நொடி. அதே இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது அது 40 மில்லி நொடியாகச் சுருங்குகிறது. த்ராட்டிலில் எந்த மாற்றமும் இல்லாமலே, குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்தால் தாமதம் நீள்வதும் அதிக ஆர்பிஎம்மில் காலோடு ஒட்டி வருவதும் இதனால்தான்.

இதற்கு மேல் வருவது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தாமதம். வாடிக்கையாளருக்கு யாரும் விளக்கிச் சொல்லாத பகுதி இது.

காலை எடுத்து வண்டி இன்ஜின் பிரேக்கிங்கில் போகும்போது, சக்கரம் இன்ஜினை இழுக்கிறது. கியர் பற்களின் ஒரு பக்கம் அழுந்தியிருக்கும், இன்ஜின் மவுண்டின் ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நீங்கள் மிதித்ததும் இது எல்லாமே மறுபக்கம் புரள வேண்டும். முறுக்குவிசை சட்டென்று ஏறினால் பற்கள் மோதி "டக்" என்று சத்தம் வரும், வண்டி முன்னும் பின்னும் குதிக்கும். அதைத் தவிர்க்க, அந்தப் புரளும் இடத்தில் ஈசியு முறுக்குவிசையைப் படிப்படியாக ஏற்றுகிறது. கியரைப் பொறுத்து இது சில பத்து மில்லி நொடியும் ஆகலாம், சில நூறும் ஆகலாம். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் இந்தக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும், ஏனென்றால் குதிப்பதும் அங்கேதான் அதிகம். கூடவே புகைக் கட்டுப்பாடும் சேர்கிறது. காற்றின் அளவு திடீரென மாறினால் எரிபொருள் கலவையைத் துல்லியமாக வைப்பது கடினம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதிகள் வந்தபின் இந்த மென்மையாக்கம் இன்னும் முக்கியமானது. கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றும்போது ஆர்பிஎம் உடனே விழாமல் தொங்குவதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். த்ராட்டிலை ஈசியு மெதுவாக மூடுகிறது.

பாஷ் நிறுவனத்தின் எம்இ7 ஈசியு தலைமுறையிலிருந்து பரவலான முறைப்படி, பெடல் என்பது த்ராட்டிலுக்கான கட்டளை அல்ல, முறுக்குவிசைக்கான விண்ணப்பம். ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி, க்ரூஸ் கன்ட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாம் அதே மேசையில் தங்கள் விண்ணப்பத்தையும் வைக்கின்றன. 1987இல் வந்த பிஎம்டபிள்யூ 750i போன்ற விலை உயர்ந்த காரில் தொடங்கிய கேபிள் இல்லாத த்ராட்டில் இன்று சின்னஞ்சிறு ஹேட்ச்பேக் வரை இறங்கியிருக்கிறது. இது இல்லாமல், சக்கரம் சறுக்கும்போது இன்ஜின் சக்தியைக் குறைக்கும் பாதுகாப்பு வேலையை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாது. ஆகவே கேபிள் காலம்தான் பொற்காலம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடை எடுத்தவுடனே வரும்படி வைத்து, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பழையபடி அதற்கே திரும்பச் செய்யும் வண்டிகள் ஓட்டுநருக்கு அநியாயம் செய்கின்றன.

அடுத்தது, தாமதமாகத் தோன்றினாலும் தாமதம் அல்லாத ஒன்று: பெடல் மேப். பெடலைப் பாதி மிதித்தால் த்ராட்டில் பாதி திறக்கும் என்ற விதி எதுவும் கிடையாது. ஈகோ மோடில் பாதி பெடலுக்குச் சிறிதளவு முறுக்குவிசைதான் கிடைக்கும். ஸ்போர்ட்டில் அதே பாதிக்கு ஏறக்குறைய முக்கால்வாசி கிடைக்கலாம். முழுக்க மிதித்தால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் ஒன்றுதான். ஓட்டுநர் பாதி மிதித்துப் பார்க்கிறார், வேகம் ஏறவில்லை, இன்னும் மிதிக்கிறார், ஏறுகிறது. இதற்குள் ஓடிப்போன அரை நொடி அவர் கணக்கில் 'லேக்' என்று பதிவாகிறது.

பெடலுக்கும் ஈசியுவுக்கும் நடுவே செருகும் த்ராட்டில் கன்ட்ரோலர் பெட்டி செய்வதும் இந்த மேப் மாற்றம்தான். நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் அது ஈசியுவிடம் 50 என்று சொல்கிறது. இரண்டு சிக்னல்களையும் அதே விகிதத்தில் பெருக்கி அனுப்புவதால் ஈசியு சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஈசியுவுக்குள் இருக்கும் மென்மையாக்கம் அப்படியே இருக்கிறது, காற்று நிரம்பும் நேரமும் அப்படியே. முழு பெடலில் ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகக் கிடைக்காது. நெரிசலில் நகரும்போது காலின் சின்ன அசைவுக்கே வண்டி துள்ளும். மட்டமான பெட்டியின் இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால் இரு சிக்னல்களும் பொருந்தாமல் பி2138 என்ற பழுதுக் குறியீடு பதிவாகி, வண்டி நடுரோட்டில் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். ஸ்போர்ட் மோடு உள்ள வண்டியில் இதற்குப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி வண்டியில் மாட்டவே கூடாது என்பேன், ஏனென்றால் பெடல் எண்ணை நம்பித்தான் அதன் கியர் மாற்றங்கள் நடக்கின்றன.

இனி, உண்மையான பழுதைக் கண்டுபிடிக்கும் வழி. ஈசியுவின் எண்களைப் படிக்க வண்டியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். பார்க்க வேண்டிய எண்கள் ஐந்து: ஆக்ஸிலரேட்டர் பெடல் நிலை, த்ராட்டிலுக்கு ஈசியு இட்ட கட்டளை, த்ராட்டிலின் உண்மை நிலை, மேனிஃபோல்ட் அழுத்தம், ஆர்பிஎம். ஐந்தையும் ஒரே நேரத்தில் கேட்டால் மலிவான அடாப்டர் திணறும். ஒவ்வொன்றும் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் புதுப்பிக்கப்படும், கால் நொடித் தாமதம் கண்ணுக்கே தெரியாது. இரண்டிரண்டாகப் பதிவு செய்யுங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், மூன்றாம் கியரில், 1500 ஆர்பிஎம்மில் சீராகப் போய், பெடலை ஒரே மூச்சில் முக்கால்வாசி மிதியுங்கள். திரையை இன்னொருவர் பார்க்கட்டும், அல்லது பதிவை வீட்டுக்கு வந்து பாருங்கள். எண்கள் பூஜ்யத்தில் தொடங்காது. பல வண்டிகளில் பெடல் எண் காலை எடுத்த நிலையிலேயே 15 சதவீதம் அளவில் நிற்கும், முழுக்க மிதித்தாலும் நூறைத் தொடாது. த்ராட்டிலும் அப்படியே. ஆகவே எண்ணின் அளவைவிட அது எப்போது நகரத் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

பெடல் ஏறியும் கட்டளை ஏறவில்லை என்றால் அது மென்பொருள்: மோடு, மேப், மென்மையாக்கம், அல்லது இன்ஜின் சூடு போன்ற காரணத்தால் ஈசியு கைவைத்திருக்கிறது. கட்டளை ஏறியும் த்ராட்டில் பின்தங்கினால் த்ராட்டில் பாடி, அதன் கனெக்டர் அல்லது பேட்டரி வோல்டேஜைச் சந்தேகியுங்கள். த்ராட்டில் திறந்தும் மேனிஃபோல்ட் அழுத்தம் மெல்ல ஏறினால் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, அதன் ஹோஸ், காற்று வடிகட்டி. அழுத்தமும் ஏறிவிட்டது, ஆனால் இழுவை இல்லை என்றால் ஸ்பார்க் பிளக், காயில், எரிபொருள் அழுத்தம். ஆர்பிஎம் பறக்கிறது, ஸ்பீடோமீட்டர் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது. அதற்காக த்ராட்டிலைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

இந்தப் பதிவில் இன்னொரு விஷயமும் தெரியவரும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் 1500 ஆர்பிஎம்மில் த்ராட்டில் பிளேட் மூன்றில் ஒரு பங்கு திறந்ததுமே மேனிஃபோல்ட் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் கூடுதல் காற்று கிடைக்காது. கடல்மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் இருக்கும் அந்த அழுத்தம், சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் 78, 79 தான். ஐந்தில் ஒரு பங்கு காற்று அங்கே இல்லவே இல்லை. மலை ஏறும்போது வண்டி மந்தமாகிறது என்றால் இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

த்ராட்டில் பாடியில்தான் கோளாறு என்று தெரிந்தால், முதல் சந்தேகம் அழுக்கு. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி, பிளேட் மூடும் விளிம்பில் படிந்து கருப்பு வளையமாக இறுகுகிறது. விரல் நகத்தால் வருடினால் திட்டு தட்டுப்படும். பிளேட் மூடிய நிலையில் காற்று போகும் இடைவெளியே மயிரிழை அளவுதான் என்பதால், அந்தப் படிவு, பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஐடில் நிலையையும், காலை லேசாக வைக்கும் முதல் அசைவையும் கெடுக்கிறது. ஈசியு இதைக் கவனித்து பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து சமாளித்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் சமாளிக்க முடியாமல் பி0506 அல்லது பி2119 என்ற பழுதுக் குறியீடு விழும்.

சுத்தம் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது பிளேட்டுக்குள் விரலை விட்டால், மோட்டார் திடீரென மூடி நசுக்கும். இன்டேக் ஹோஸின் க்ளாம்பைத் தளர்த்தி, கனெக்டரை எடுத்து, நான்கு போல்ட்டுகளையும் கழற்றினால் பாடி கையில் வரும். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் க்ளீனரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். ஸ்ப்ரேயை நேராக ஷாஃப்ட்டின் முனைகளில் அடித்தால் திரவம் உள்ளே இறங்கி சென்சாரையும் மோட்டாரையும் பாழாக்கும். சில பிளேட்டுகளின் விளிம்பில் காற்று கசியாமலிருக்கக் கருநிறப் பூச்சு இருக்கும். உப்புத்தாள், ஸ்கிரப் பேட், கடுமையான கார்புரேட்டர் க்ளீனர் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. பூச்சு போனால் அதன் பிறகு ஐடில் நேராவது கஷ்டம். பிளேட்டைக் கையால் திறப்பதானால் மிக மெதுவாக. உள்ளே இருப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பற்கள். சாதாரண நிலையில் பிளேட் முழுக்க மூடாமல் சற்றே திறந்து நிற்பதைப் பார்த்துப் பழுது என்று எண்ண வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது வண்டி ஊர்ந்தாவது ஓரம் போகட்டும் என்று ஸ்பிரிங் அப்படி வைத்திருக்கிறது. கேஸ்கெட் நைந்திருந்தால் மாற்றி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், பாடி அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்.

சுத்தம் செய்த உடனே ஐடில் 1200, 1500 என்று ஏறி நின்றால் பயம் வேண்டாம். அழுக்குக்கு ஈடாகக் கற்றுக்கொண்ட பழைய திறப்பையே ஈசியு இன்னும் வைத்திருக்கிறது. ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, பெடலைத் தொடாமல் சாவியை ஆன் செய்து அரை நிமிடம் விடுங்கள். அமைதியான இடத்தில் த்ராட்டில் தன்னைத்தானே அசைத்துப் பார்க்கும் "கிர்ர்" சத்தம் கேட்கும். ஆஃப் செய்து 15 நொடி கழித்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை ஐடிலில் விட்டு, பிறகு ஏசி போட்டு இன்னும் சில நிமிடம். பல வண்டிகளுக்கு இதுவே போதும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் போன்றவற்றுக்கு ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் ஓட்டுவதுதான் முறை. நிஸான் வண்டிகளுக்குப் பெடலை நேரம் பார்த்து மிதித்து விடும் தனி வரிசை உண்டு; சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் ஊகத்தில் செய்ய வேண்டாம்.

பெடல் சென்சார் தேய்ந்தால் அடையாளம் வேறு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வண்டி விக்கி மறுபடி இழுக்கும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில், மல்டிமீட்டரைக் கனெக்டரின் பின்புறமிருந்து சிக்னல் கம்பியில் வைத்து, பெடலை மிக மெதுவாக இறக்குங்கள். எங்கும் தாவாமல், விழாமல் வோல்ட் ஏற வேண்டும். தேயும் வகை பொட்டென்ஷியோமீட்டர் பெடல்களில் நகரத்தில் கால் எப்போதும் நிற்கும், மிதிதூரத்தின் முதல் நான்கில் ஒரு பங்கில்தான் முதலில் குறை வரும். அதற்கு முன் ஒரு காசு செலவில்லாத சோதனை: தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் மடிந்து, முழுக்க இறங்க விடாமல் தடுக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

டீசலில் கதையே வேறு. அங்கே பெடல் காற்றைக் கேட்பதில்லை, எரிபொருளைக் கேட்கிறது. டீசலில் உள்ள த்ராட்டில் வால்வின் வேலை ஈஜிஆர் (புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது), டிபிஎஃப் என்னும் புகைக்கரி வடிகட்டியின் சுத்திகரிப்பு, இன்ஜினை நடுங்காமல் நிறுத்துவது போன்றவை. டர்போ போதிய காற்றைத் தரும் வரை புகை வராதபடி ஈசியு டீசலைக் குறைத்தே ஊற்றும். 1800, 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே வரும் அந்த மந்தம் இதுதான். டர்போ பெட்ரோலிலும் ஏறத்தாழ அதே நிலைமை. ஏஎம்டியில் கிளட்ச் விலகி, கியர் மாறி, கிளட்ச் சேரும் வரை சக்கரத்துக்குச் சக்தியே இல்லை. எந்தச் சென்சாரை மாற்றினாலும் அந்த இடைவெளி போகாது.

இவையெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு என்ன அர்த்தம்? 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்பது 11 மீட்டர். இருவழிச் சாலையில் லாரியை முந்த எட்டிப் பார்த்து, வெளியே வந்தபின் மிதிப்பவர் அந்த 11 மீட்டரை எதிர்த்திசைத் தடத்தில் கழிக்கிறார். லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு நிற்கும்போதே ஒரு கியர் இறக்கி, இன்ஜினை அதன் இழுவைப் பகுதியில் வைத்து, காலை லேசாகப் பெடலில் அழுத்தி வையுங்கள். அந்த லேசான அழுத்தத்தில் கியர் பற்கள் ஏற்கனவே இழுக்கும் பக்கம் அமர்ந்துவிடுகின்றன, டர்போவும் சுழல ஆரம்பிக்கிறது; ஈசியு மென்மையாக்க வேண்டிய புரளல் அங்கே இல்லை. ஏஎம்டியில் கைமுறை மோடுக்கு மாற்றி முதலில் கியரை இறக்குங்கள், கியர் விழுந்ததை உணர்ந்த பிறகே வெளியே வாருங்கள். முழுக்க மிதித்தால் பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் சில நொடி தானாக விலகும், சின்ன இன்ஜினுக்கு அது நல்ல உதவி.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடத்தில் பலர் செய்வது, இரண்டாம் கியரில் 1000 ஆர்பிஎம் வரை விழவிட்டு, வளைவு முடிந்தபின் அமுக்குவது. வண்டி முனகி நிற்கும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கி, பாதி வளைவிலேயே காலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.

ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இடது காலில் பிரேக்கும் வலது காலில் ஆக்ஸிலரேட்டரும் சேர்த்து மிதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பல புது வண்டிகளில் பிரேக் மிதிபட்டிருந்தால் ஈசியு ஆக்ஸிலரேட்டரைப் பொருட்படுத்தாது, பிரேக்கை விட்ட பிறகும் சட்டென்று சக்தி வராது. ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள், அல்லது ஹில் ஹோல்ட் இருந்தால் அதை நம்புங்கள். டொயோட்டா 2009, 2010இல் தரைவிரிப்பிலும் பெடலிலும் சிக்கல் என்று லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்த பிறகு இந்த பிரேக் முன்னுரிமை பரவலானது. அமெரிக்க அரசுக்காக நாசா பொறியாளர்கள் ஆராய்ந்து 2011இல் வெளியான அறிக்கையில், அந்த வண்டிகள் மிதிக்காமலே தானாக வேகமெடுத்ததாக வந்த புகார்களுக்கு மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருந்தாலும் பெடல் எந்தக் காரணத்தாலாவது சிக்கிக்கொண்டால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஓடும்போது இன்ஜினை அணைத்தால் பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும், அதை வண்டி நின்ற பிறகு செய்யலாம்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவில் இதைச் சோதிக்க ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. எந்த மோடில் ஸ்டார்ட் ஆகிறது, அணைத்துத் திரும்பப் போட்டால் அதே மோடு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசியை முழுக்கப் போட்டு, நான்கு பேரை ஏற்றி, மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டரிலிருந்து சீராக மிதித்துப் பாருங்கள். பிறகு காலை முழுக்க எடுத்து இரண்டு நொடி உருளவிட்டு மறுபடி மிதியுங்கள். அந்தப் புரளும் இடத்தில் வண்டி எவ்வளவு நேரம் எடுக்கிறது, டக் சத்தம் வருகிறதா என்பது அங்கே தெரியும். பழைய வண்டியாக இருந்து சத்தம் பலமாக வந்தால், த்ராட்டிலைப் பேசுவதற்கு முன் இன்ஜின் மவுண்ட் விலையைக் கேட்டுவையுங்கள்.